கல்லூரி உதவித்தொகை: பெற்றோரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எங்கள் கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தொடங்கி அரையாண்டு வரை வந்துகொண்டே இருக்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டில் இளநிலைப் படிப்பில் சேர்பவர்களுக்கானவை. தொகைகளும் வருமான வரம்புகளும் 2024-25 கல்வியாண்டு நிலவரம். நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. ஸ்காலர்ஷிப்னா நல்ல மார்க் எடுத்த பசங்களுக்குத்தானே சார்? என் பையன் 62 சதவீதம்தான்.

இல்லை. தமிழ்நாட்டில் கிடைக்கும் உதவிகளில் பெரும்பாலானவை மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. பையன் எந்தப் பள்ளியில் படித்தான், எந்தச் சமூகம், வீட்டு ஆண்டு வருமானம் எவ்வளவு, வீட்டில் இதற்கு முன் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். தேர்ச்சி பெற்று, கல்லூரியில் முறைப்படி இடம் வாங்கியிருந்தால் 62 சதவீதம் ஒரு தடையே இல்லை. மதிப்பெண் பார்க்கும் திட்டம் ஒன்று உண்டு, அதை 11-ஆவது கேள்வியில் சொல்கிறேன்.

'நமக்கெல்லாம் எங்க கொடுக்கப் போறாங்க' என்று விண்ணப்பமே போடாதவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். இது உங்கள் பிள்ளைக்கென்று அரசு ஒதுக்கி வைத்திருக்கும் பணம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

2. சரி, எங்க வீட்டுக்கு எது எது கிடைக்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில் இந்த ஐந்துக்கும் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எந்தப் பள்ளி, சாதிச் சான்றிதழில் என்ன பிரிவு, வருமானச் சான்றில் எவ்வளவு, குடும்பத்தில் பட்டதாரி உண்டா, கல்லூரியில் இடம் கலந்தாய்வு மூலமா மேனேஜ்மென்ட் மூலமா. கீழே வரும் எல்லாத் திட்டங்களும் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றிரண்டைப் பிடித்துத்தான் நிற்கின்றன.

அரசுப் பள்ளி என்றால் மாதம் 1,000 ரூபாய் (3-ஆவது கேள்வி). பி.சி., எம்.பி.சி. என்றால் 4. எஸ்.சி., எஸ்.டி. என்றால் 5. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் 6. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல், மருத்துவம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்பில் இடம் வாங்கியிருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அப்பாவோ அம்மாவோ கட்டுமானம், ஆட்டோ, தையல் போன்ற தொழிலாளர் நல வாரியங்களில் உறுப்பினராக இருந்தால் அங்கும் கல்வி உதவித்தொகை உண்டு. வாரிய அட்டை பீரோவில் கிடக்கும், புதுப்பித்திருக்க மாட்டார்கள். உடனே எடுத்துப் பாருங்கள்.

3. மாசம் ஆயிரம் ரூபா திட்டம் பொண்ணுங்களுக்கு மட்டுமா? எட்டாவது வரைக்கும் பிரைவேட் ஸ்கூல்ல படிச்சிருந்தா கிடைக்காதா?

இப்போது இருவருக்கும் உண்டு. மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்த திருமண உதவித் திட்டத்தைத்தான் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் 2024-25 முதல் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். படிப்பு முடியும் வரை வரும். சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் படித்தாலும் இருவருக்கும் உண்டு. அஞ்சல் வழி, தொலைதூரக் கல்விக்குக் கிடையாது.

தனியார் பள்ளி விஷயத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளும் புதுமைப் பெண்ணில் தகுதி பெறுகிறார்கள். கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதில் மாறியிருந்தால் அந்த விதிவிலக்கு பொருந்தாது. விவரங்களைப் பள்ளியின் எமிஸ் பதிவிலிருந்து (பள்ளிக் கல்வித் துறை வைத்திருக்கும் மாணவர் விவரத் தொகுப்பு) சரிபார்க்கிறார்கள். அதில் பள்ளி மாறிய ஆண்டு தவறாக இருந்தால், பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம்தான் திருத்தக் கேட்க வேண்டும்.

4. நாங்க எம்.பி.சி. பொண்ணு கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.எஸ்சி. சேர்ந்திருக்கா. வருமானச் சான்று இல்லாம கிடைக்குமா?

கிடைக்கும். அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் படிக்கும் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கு நிபந்தனை இல்லாமல் இலவசக் கல்வித் திட்டத்தில் உதவித்தொகை வழங்குகிறார்கள். வருமான வரம்பு வருவது மற்ற படிப்புகளுக்கு. பொறியியல், பாலிடெக்னிக், முதுகலை என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

இந்த 2.5 லட்சம் மிகக் குறைவான வரம்பு என்பதை நான் கேட்கும் இடத்தில் எல்லாம் சொல்லி வருகிறேன். மாதம் 21,000 ரூபாய் சம்பளம் வாங்கும் வேன் ஓட்டுநர் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். மத்திய அரசின் சில திட்டங்களில் வரம்பு 8 லட்சம் வரை இருக்கிறது. தாண்டிவிட்ட குடும்பங்கள் அப்படியே திரும்பிப் போய்விடாமல் 6, 12, 13-ஆம் பதில்களைப் படியுங்கள்.

5. எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் பணம் பையன் அக்கவுண்ட்ல ஏறியிருக்கு. காலேஜ் தங்களுக்குச் சேரணும்னு சொல்றாங்க. அது யாருடைய பணம்?

போஸ்ட் மெட்ரிக் என்பது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை. அதில் இரண்டு பகுதிகள் கலந்து வருவதால்தான் இந்தக் குழப்பம். ஒன்று, கல்லூரிக்குக் கட்ட வேண்டிய, திரும்பி வராத கட்டாயக் கட்டணம். இன்னொன்று, மாணவரின் செலவுக்கான பராமரிப்புத் தொகை. 2021-இல் மாற்றப்பட்ட மத்திய விதிகளின்படி தொழிற்பட்டப் படிப்பு என்றால் விடுதியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற படிப்புகளுக்கு 6,000, 3,000. இது மாணவருடையது. இதை யாரும் பிடிக்கக் கூடாது. வருமான வரம்பு 2.5 லட்சம்.

முன்பு கட்டணப் பகுதி நேராகக் கல்லூரிக்குப் போகும். இப்போது அதுவும் மாணவர் கணக்குக்கே வருவதால், பெரிய தொகை வந்ததைப் பார்த்து வீட்டில் வேறு அவசரத்துக்கு எடுத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் கல்லூரியில் பாக்கி நிற்கும், பையன் பெயர் நோட்டீஸ் போர்டில் வரும். பணம் ஏறிய அன்றே கல்லூரியில் எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணப் பகுதியைக் கட்டி ரசீது வாங்குங்கள். மிச்சம் உங்களுடையது.

6. முதல் பட்டதாரிச் சான்று யாருக்கு வரும்? எங்க அப்பா பத்தாவது, அம்மா எட்டாவது. ஆனா தாத்தா அந்தக் காலத்து பி.ஏ.

2010-11 முதல் இருக்கும் சலுகை இது. குடும்பத்தில் பட்டதாரியே இல்லாத வீட்டிலிருந்து முதலில் வருபவர் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தில் அரசு தள்ளுபடி தருகிறது. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இது ஆண்டுக்கு 25,000 ரூபாய். சாதி வேறுபாடு இல்லை, வருமான வரம்பும் இல்லை. 2.5 லட்சத்தைத் தாண்டியதால் மற்றவை கிடைக்காத வீடுகளுக்கு இதுதான் பெரிய ஆதரவு.

உங்கள் விஷயத்தில் வருத்தமான பதில்தான். இ-சேவை மையத்தில் கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் அப்பா வழி, அம்மா வழித் தாத்தா பாட்டியின் படிப்பும், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களின் படிப்பும் கேட்கப்படுகிறது. தாத்தா உயிரோடு இல்லை என்றாலும் அவர் பட்டதாரி என்றால் பட்டதாரிதான். மறைத்து எழுத வேண்டாம். கையெழுத்துப் போடுவது பெற்றோரும் பிள்ளையும். பின்னால் தெரியவந்தால் சிக்கலில் மாட்டுவது பிள்ளை.

7. அண்ணன் டிப்ளமோ முடிச்சிருக்கான். அப்போ தங்கச்சிக்கு முதல் பட்டதாரி வராதா?

வரும். பாலிடெக்னிக் டிப்ளமோ பட்டமாகக் கணக்கில் சேராது. ஐ.டி.ஐ., ஆசிரியர் பட்டயமும் அப்படியே.

8. அண்ணன் முதல் பட்டதாரி சலுகையில இன்ஜினியரிங் சேர்ந்தான். அரியர் வச்சு நின்னுட்டான், டிகிரி வாங்கலை. இப்போ தம்பிக்குக் கேட்கலாமா?

பட்டம் வாங்காததால் அண்ணன் பட்டதாரி இல்லைதான். ஆனால் இந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். அண்ணன் ஏற்கனவே வாங்கிவிட்டதால் தம்பிக்குக் கிடைக்காது. அண்ணன் சலுகை எதுவும் வாங்காமல் நின்றிருந்தால் கதை வேறு, அப்போது தம்பி விண்ணப்பிக்கலாம்.

எனவே இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்து இருக்கும் வீட்டில் கொஞ்சம் யோசியுங்கள். மூத்தவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டிலோ போஸ்ட் மெட்ரிக்கிலோ முழுக் கட்டணமும் பெறுகிறார் என்றால் அவருக்கு இந்தச் சலுகை தேவைப்படாது. ஆனால் அவர் படித்து முடித்துப் பட்டம் வாங்கிய பிறகு இளையவர் சேர்ந்தால், வீட்டில் ஏற்கனவே ஒரு பட்டதாரி இருப்பதாகிவிடும்.

9. மேனேஜ்மென்ட் கோட்டால சேர்ந்தா எதுவுமே இல்லையா?

முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. போஸ்ட் மெட்ரிக் விதிகளும் மேனேஜ்மென்ட் இடங்களை விலக்கி வைக்கின்றன. மாதம் 1,000 ரூபாய்த் திட்டம் எப்படி இடம் கிடைத்தது என்று பார்ப்பதில்லை. சேரும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். கலந்தாய்வில் கொஞ்சம் பின்தங்கிய கல்லூரியில் கிடைக்கும் இடத்துக்கும், பெயர் பெற்ற கல்லூரியின் மேனேஜ்மென்ட் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் கட்டணத்தோடு நிற்காது. நான்கு வருடம் இழக்கும் உதவித்தொகையையும் சேர்த்துப் பாருங்கள். அட்மிஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

10. ஸ்டேட்டஸ்ல பணம் அனுப்பியாச்சுன்னு காட்டுது. பாஸ்புக்ல ஒண்ணும் இல்ல. பணம் எங்க போச்சு?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண்ணுக்குப் பணம் போவதில்லை. உங்கள் ஆதார் எண்ணோடு என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ, அதற்குத்தான் போகும். பள்ளியில் படிக்கும்போது ஒரு வங்கி, பிறகு தபால்காரர் வந்து வீட்டிலேயே திறந்த அஞ்சலகக் கட்டண வங்கிக் கணக்கு, பிறகு கல்லூரி சொன்னதால் இன்னொன்று என்று மூன்று கணக்குகள் இருக்கும். பணம் நீங்கள் மறந்துபோன கணக்கில் பத்திரமாக இருக்கலாம். ஆதார் இணையதளத்தில் உள்ளே போனால் எந்த வங்கி இணைந்திருக்கிறது, அந்த இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். வங்கியில் 'ஆதார் லிங்க் பண்ணியாச்சு' என்று சொன்னாலே போதும் என்று வந்துவிடாதீர்கள். கே.ஒய்.சி.க்காக, அதாவது நீங்கள் யார் என்று சரிபார்க்க, ஆதார் வாங்குவது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைப்பது வேறு. இரண்டாவதுக்குத் தனிப் படிவம் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

இணைப்பு சரியாக இருந்தும் பணம் திரும்பிப் போனால், கணக்கின் நிலையைப் பாருங்கள். மைனராக இருக்கும்போது திறந்த கணக்கு 18 வயது ஆனதும் புதிய கையெழுத்து, புதிய கே.ஒய்.சி. கேட்டு நிற்கும். இரண்டு வருடம் வரவு செலவே இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்கில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்ட முடியாது, வருடத்தில் மொத்த வரவும் ஒரு லட்சத்துக்குள்தான். பொறியியல் கட்டணத் தொகை வந்தால் அங்கே முட்டி நின்றுவிடலாம். வங்கியில் முழு கே.ஒய்.சி. கொடுத்துச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

இத்தனையும் சரி என்றால் கல்லூரியில் உதவித்தொகையைக் கவனிக்கும் நோடல் அலுவலரிடம் விண்ணப்ப எண்ணோடு வாருங்கள். மாநிலத் திட்டம் என்றால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் புகார் பதியலாம்.

11. பிளஸ் டூல நல்ல மார்க். மத்திய அரசு ஸ்காலர்ஷிப் ஒண்ணு இருக்காமே?

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. பிரதமர் உச்சதர் சிக்ஷா புரோத்சாகன் என்பதன் கீழ் இப்போது வருகிறது. உங்கள் கல்வி வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் மதிப்பெண் வரிசையில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 80 மார்க் எடுத்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை. அந்தந்த ஆண்டின் தேர்வு முடிவுகளை வைத்து வாரியம் ஒரு கட்ஆஃப் சொல்லும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு வருடத் தொழிற்படிப்பில் நான்காம் ஆண்டு 20,000. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்கு, அதில் பாதி மாணவிகளுக்கு.

தேசிய உதவித்தொகை தளத்தில் ஓ.டி.ஆர். என்ற ஒருமுறைப் பதிவு எண் வாங்கி விண்ணப்பிக்க வேண்டும். முதலாம் ஆண்டில் மட்டும்தான் புதிதாகச் சேரலாம். அப்புறம் ஒவ்வொரு ஆண்டும் நீங்களே புதுப்பிக்க வேண்டும். 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் கேட்பார்கள். முதல் வருடம் வாங்கிவிட்டு, தானாக வரும் என்று காத்திருந்து இழந்தவர்கள் நிறைய.

12. பொண்ணு இன்ஜினியரிங். வருமானம் 2.5 லட்சத்துக்கு மேல. எங்களுக்குன்னு எதுவும் இருக்கா?

ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) நடத்தும் பிரகதி திட்டத்தைப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டமோ டிப்ளமோவோ சேரும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். ஒரு குடும்பத்தில் இரண்டு மாணவிகள் வரை. 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு இதே தொகையில் சக்ஷம் என்ற திட்டம் இருக்கிறது. முதலாம் ஆண்டிலோ, டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரும்போதோதான் விண்ணப்பிக்க முடியும். அந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

13. பேங்க்ல கல்விக் கடன் கேட்டா வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்கறாங்க. கொடுக்கணுமா?

உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம் வரையிலான கடன், மத்திய அரசின் உத்தரவாத நிதித் திட்டத்தின் கீழ் சொத்துப் பிணையமும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் தரப்பட வேண்டியது. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். 4 லட்சம் வரை, செலவில் ஒரு பகுதியை நீங்கள் கையிலிருந்து போடும் பங்குத் தொகையும் கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்தால் எழுத்துப்பூர்வமான பதிவு இருக்கும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, கல்விக் கடனை நிராகரிக்கக் கிளை மேலாளருக்கு மேலுள்ள அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். இதைப் பணிவாக நினைவுபடுத்தினாலே பல கிளைகளில் பேச்சு மாறுகிறது.

வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தரச்சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு கட்டுகிறது. இதற்கு வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே கொடுக்க வேண்டும், பின்னால் கேட்டால் இழுக்கும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த தரமான நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு 8 லட்சம் வருமானம் வரை, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. எதுவானாலும், மேலே சொன்ன உதவித்தொகைகளைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் கடன் வாங்குங்கள். 22 வயதில் ஒரு பிள்ளை தோளில் ஏறும் சுமை அது.

14. இரண்டு மூணு ஸ்காலர்ஷிப் சேர்த்து வாங்கினா தப்பா?

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டையும் வேறு உதவித்தொகையோடு சேர்த்து வாங்கலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. ஒரே கல்விக் கட்டணத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. போஸ்ட் மெட்ரிக்கில் கட்டணம் வந்தால் அதன் மேல் முதல் பட்டதாரிச் சலுகை கேட்க முடியாது. 11, 12-இல் சொன்ன மத்தியத் திட்டங்களில் வேறு உதவித்தொகை பெறவில்லை என்று உறுதிமொழி கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் எது உங்களுக்குப் பெரிய தொகை என்று நோடல் அலுவலரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

15. ஃபீஸ் பாக்கின்னு காலேஜ்ல ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைத் தர மாட்டேங்கறாங்க. உதவித்தொகை இன்னும் வரலை.

மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. சேரும்போது சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். வாயால் சண்டை போடாமல், உதவித்தொகை விண்ணப்பத்தின் நகலை இணைத்து முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லை என்றால் அந்த நகலோடு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போங்கள்.

16. அப்பா எங்களை விட்டுட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு. வருமானச் சான்றுக்கு அவர் சம்பளச் சீட்டு கேக்கறாங்க. நான் எங்க போவேன்?

இதைக் கேட்கும் மாணவிகள் தயங்கித் தயங்கி, கடைசியாகத்தான் வருகிறார்கள். நீங்கள் அப்பாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. அம்மா முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கைவிடப்பட்ட பெண் என்ற சான்றுக்கு இ-சேவை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், அம்மா பெயர் மட்டும் உள்ள குடும்ப அட்டை, வழக்கு ஏதும் நடந்திருந்தால் அந்தத் தாள் எல்லாம் உதவும். அந்தச் சான்றை இணைத்து அம்மாவின் வருமானத்துக்கு மட்டும் வருமானச் சான்று கேளுங்கள்.

இதற்கு நாளாகும் என்பதால் பிளஸ் டூ படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள். குடும்ப அட்டையில் அப்பா பெயர் இன்னும் இருந்தால் அதையும் அப்போதே கவனியுங்கள். ஏற்கனவே கல்லூரியில் சேர்ந்துவிட்டு, விண்ணப்பக் கடைசி நாள் நெருங்கிவிட்டது என்றால், இ-சேவையில் கொடுத்த ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொண்டு நோடல் அலுவலரிடம் வந்து நிலைமையைச் சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டி வரலாம்.